தெரியாததை மட்டும் கேள்

பிப்ரவரி 3, திங்கள்

துளசிமணிக்கு இன்று பூஜ்யம் போட்டேன். போட்டதும் நான், அதற்காக வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததும் நான்.

கூவைப்பதி அங்கன்வாடியில் அவள் நடத்திய பயிற்சி வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். மலையடிவாரத்தில் எங்கள் ஆட்களின் குடியிருப்புகளைப் பதி என்போம். கூவைப்பதி துளசிமணியின் ஊர், என் பதி அதற்கு அடுத்த மேட்டில் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் பழங்குடிப் பெண்களுக்கென்று முன்பருவக் கல்விப் பட்டயப் படிப்பு தொடங்கியது போன ஜூனில்தான். முதல் அணி இது. பாடம் எடுக்க எங்கள் ஆட்களிலேயே படித்த பெண் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் இப்போது வருந்துகிறார்களோ என்னவோ.

வகுப்பு அருமையாக இருந்தது. துளசிமணி ஒரு முறம் தட்டைப்பயறோடு வந்து கீழே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்து சேர்ந்தன. நெற்று ஒரு பக்கம், பயறு ஒரு பக்கம், புழு அரித்தது தனி என்று அவர்களே பிரித்தார்கள். பாடினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி பாடினார்கள்.

ஆனால் கல்லூரி தந்த மதிப்பீட்டுத் தாளில் 'குழந்தைகளிடம் கேள்வி கேட்டல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இருபது மதிப்பெண். அதில் தேறாவிட்டால் மற்றவற்றில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். துளசிமணி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்னால் நின்று நான் கைகாட்டினேன், கண்காட்டினேன், கடைசியில் ஒரு பயற்றையே தூக்கிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முடிந்ததும் கேட்டேன். "ஏம்புள்ள, ஒண்ணுமே கேக்கல?"

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சுதானுங்க்கா இருந்துச்சு. என்னத்தைக் கேக்கறது?"

அவள் திமிராகச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தோசை மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் முழுக்க நாசம். துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

எங்கள் பதிகளில் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. மழை வருமா என்று கேட்டால் கேட்பவருக்குத் தெரியவில்லை என்று பொருள். பெரியவர்கள் குழந்தையிடம் கேட்பதும் அப்படித்தான்: "உங்கம்மா எங்க போனா?" என்றால் நிஜமாகவே அவள் எங்கே போனாள் என்று தெரிய வேண்டும். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்ன?" என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரே வகைதான் உண்டு. காட்டிலாகாக்காரர்கள். சாக்கைப் பிரித்துத் தேனடையைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்பார்கள். அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சொன்னால் வழக்கு, சொல்லாவிட்டால் கன்னத்தில் அறை. அதனால் தெரிந்ததைக் கேட்கும் ஆளைக் கண்டால் எங்கள் குழந்தைகள் வாயை மூடிக்கொள்ளும். அது பயம் மட்டுமில்லை, புத்தியும்கூட.

இது புரியாமல் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை என்னென்னவோ எழுதிவைத்தார்கள். என் பதியில் ஒரு பெண்ணை 'ஊமை' என்றே எழுதி, ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்காரவைத்தார்கள். அந்தக் கதை இப்போது எதற்கு.

மார்ச்சில் வரும் செய்முறைத் தேர்வில் துளசிமணி தேற வேண்டும். கூவைப்பதி அங்கன்வாடிக்கு நிரந்தர ஆசிரியை போடப்போகிறார்கள். இந்தப் பட்டயம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. இப்போது வரும் அம்மாள் கீழூரிலிருந்து பதினொரு மணிப் பேருந்தில் வந்து இரண்டு மணிப் பேருந்தில் போய்விடுகிறார். வந்த நேரத்திலும் குழந்தைகளின் பேச்சு அவருக்குப் புரியாது. துளசிமணி தேறாவிட்டால் அந்த இடம் இன்னொரு கீழூர்க்காரருக்குப் போகும். பிறகு இருபது முப்பது வருடம் அசையாது.

அதனால் அவளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித் தருவது என்று முடிவு செய்துவிட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒரு நாள் தேர்வுக்காக ஒத்துப்போனால் குடியா முழுகிவிடும்.

பிப்ரவரி 10, திங்கள்

வகுப்பில் ஒத்திகை. பாதிப் பேர் குழந்தைகள், பாதிப் பேர் ஆசிரியைகள். துளசிமணி கையில் தக்காளி.

"இது என்ன?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தக்காளி!" என்று கத்தினார்கள் கூட இருந்தவர்கள்.

"ஆமா," என்றாள் துளசிமணி. பிறகு, "தெரிஞ்சா சரி," என்று முணுமுணுத்து உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்துவிட்டு அவளைத் திட்டவும் செய்தேன். "இன்னொருக்கா கேளு. தக்காளியப் பாத்துக் கேளு. நெசமாவே உனக்குத் தெரியாத மாதிரிக் கேளு." சாயங்காலம்வரை தக்காளி, கத்தரி, செம்பருத்தி. கடைசியில் அவளுக்கு வந்துவிட்டது. நன்றாகவே கேட்டாள். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

அந்தத் தக்காளியில் ரசம் வைத்தேன். என் வீட்டுக்காரர் பழனிராஜ் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

செவ்வாய்க்கிழமை துளசிமணி பதியில் போய் நான் சொல்லித்தந்தபடியே கேட்டிருக்கிறாள். வாழைப்பழத்தைத் தூக்கி, "இது என்ன?" செம்பருத்தியைக் காட்டி, "இது என்ன நிறம்?" நிஜமாகவே தெரியாத மாதிரி. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன் நான்.

குழந்தைகள் பதில் சொல்லவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சின்னி என்ற நாலு வயதுப் பெண் எழுந்து வந்து பழத்தை உரித்து, துளசிமணியின் கையைப் பிடித்து அதில் வைத்து, வாய்வரை தூக்கிவிட்டிருக்கிறாள். பிறகு வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: துளசியக்காளுக்குக் கண் போய்விட்டது.

பதி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் நாலு பெண்கள் நந்தியாவட்டைப் பூவோடு வந்து கண்ணில் பிழிய உட்காரவைத்துவிட்டார்கள். அவள் அப்பா வேலைக்குப் போகாமல் மறுநாள் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் எழுத்து அட்டையைக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்றாராம்.

"நான் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சனுங்க்கா. அவருக்குத் தெரியாதான்னு எங்கப்பா அவரைக் கேட்டுட்டாரு," என்றாள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குப் போனா பிள்ளைக என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகும். பாத்துப் போக்கா, கல்லு இருக்குதுங்கும். நான் அதுங்களை ஏமாத்திட்டனுங்க்கா."

பிப்ரவரி 14, வெள்ளி

இனி தக்காளி இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

முதல்வர் பாகீரதி மேடத்தைப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியை மாற்றி எழுத வேண்டும், ஆசிரியை எத்தனை கேள்வி கேட்டார் என்று பார்க்காமல் குழந்தைகளை எவ்வளவு பேசவைத்தார் என்று பார்க்க வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். தேனடைக் கதையைக்கூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"ரங்கநாயகி, உலகத்துல எல்லா டீச்சரும் இப்படித்தான் கேக்கறாங்க. உங்க பிள்ளைகளும் நாளைக்கு அந்த உலகத்துக்குத்தானே வரணும்?"

"வரட்டுங்க மேடம். வர்றதுக்கு முன்னாடியே வாயடைக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

"உங்க ஆளுங்கங்கறதால உங்களுக்குப் பாசம். புரியுது. ஆனா மதிப்பீட்டுல பாசம் வரக்கூடாது."

பாசம்! பதினைந்து வருடம் குழந்தை வளர்ச்சி படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியாள் ஒருவர் சொன்னால் அது ஆய்வு, நான் சொன்னால் பாசம்.

கிளம்பும்போது என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்று நினைவுபடுத்தினார். எதற்கு என்று தெரியவில்லை. பேச்சு துளசிமணியைப் பற்றித்தானே நடந்தது.

மார்ச் 1, சனி

குக்கரின் கைப்பிடி உடைந்துவிட்டது. புதிதாக வாங்கலாம் என்றார் பழனிராஜ். இப்போதைக்கு வேண்டாம், திருகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 5, புதன்

கூவைப்பதி அங்கன்வாடியில் செய்முறைத் தேர்வு. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

புறத்தேர்வாளர் வசுந்தரா மேடம் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியை. கண்டிப்பானவர் என்று பெயர். வந்ததும் கைப்பையிலிருந்து வண்ண அட்டைகளை எடுத்தார். குழந்தைகளின் நிலையை முதலில் தானே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். சிவப்பு அட்டையைக் காட்டி மாரன் என்ற பையனிடம், "இது என்ன கலர், கண்ணா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். மாரன் அட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். சின்னியும் அப்படியே. வரிசையாக ஏழு குழந்தைகள். மேடம் எழுதிக்கொண்டே போனார்.

அடுத்து துளசிமணி. பாடம் நிறங்கள். அவள் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுமையாகவும் வாசலில் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அட்டையைத் தூக்கினாள். உதடு பிரிந்தது. குழந்தைகளைப் பார்த்தாள். பழம் உரித்துக் கொடுத்த சின்னியைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்காளோட ஒரு செருப்பைக் காணோம்," என்றாள். "நேத்து மத்தியானம் வாசல்ல கழட்டி விட்டேன். சாயங்காலம் பாத்தா ஒத்தச் செருப்புத்தான் இருக்குது. இன்னொண்ணு எங்க போச்சு? எனக்குத் தெரியல."

பாடத்திட்டத்தில் செருப்பே கிடையாது.

"எந்தக் காலு?" என்றாள் சின்னி.

"வலது காலு."

"பூ பிஞ்ச செருப்பா?"

"ஆமா."

"அந்தப் பூ மஞ்சளு. வாரு செவப்பு. அடியில கருப்பு," என்றாள் சின்னி, சந்தேகம் வேண்டாம் என்பதுபோல எல்லோருக்குமாக.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றது ஒரு குழந்தை. நாய் என்றால் இழுத்த தடம் இருக்கும் என்றான் மாரன். ஆடு தின்றிருக்கும் என்றது இன்னொன்று. "ஆடு ரப்பரு திங்காது, கடிச்சுட்டுத் துப்பிப்போடும். துப்புனது எங்க?" என்று மறித்தான் மாரன். நேற்று யார் யார் வந்தார்கள், மழை முதலில் வந்ததா தண்ணீர்க் குழாய்க்காரர் முதலில் வந்தாரா என்று வாக்குவாதம். வாசல் வாய்க்காலில் தண்ணீர் ஓடியிருந்தால் செருப்பு மிதக்குமா என்று கேட்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் குடத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். மிதந்தது! ஊரே கூடியதுபோல ஒரு கத்தல். இதுவரை ஒரு சொல்லும் பேசாத கடைசிக் குட்டிப் பையன்கூட, "போச்சு, போச்சு, கீழ போச்சு," என்று கையைக் காட்டினான்.

மேடம் என் பக்கம் குனிந்தார். "பாடம் எப்போ ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுங்க மேடம்."

குழந்தைகள் வாய்க்காலோரமாக வரிசையாகத் தேடப் போனார்கள். துளசிமணி வெறுங்காலோடு பின்னால் போனாள். மேடம் தன் குறிப்பை முடித்தார். போகும்போது அதைப் படிக்கத் தந்தார். ஒளிக்கிற ஆள் இல்லை அவர். 'பாடத்திட்டத்திலிருந்து விலகல். சொந்த விஷயம் வகுப்புக்குள் கொண்டுவரப்பட்டது. கேள்வி கேட்டல்: மதிப்பிட இயலவில்லை.' அதற்குக் கீழே: 'ஏழு குழந்தைகளுக்குப் பேச்சு வளர்ச்சிக் குறைவு. பரிசோதனைக்குப் பரிந்துரை.'

அதைப் படிக்கும்போது அந்த ஏழு பேரும் வாய்க்காலில் இருந்து போட்ட சத்தம் என் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 6, வியாழன்

நல்ல சேதி. முதல்வர் கூப்பிட்டார்.

"வசுந்தரா மேடத்துக்கிட்ட பேசிட்டேன். அந்தப் பகுதியைக் காலியாத்தான் விட்டிருக்காங்க. அகத்தேர்வாளர் நீங்க. 'நிறங்கள் குறித்துக் கேள்விகள் கேட்டார், குழந்தைகள் சிலர் பதிலளித்தனர்'னு ஒரு வரி எழுதி, பத்து போட்டுடுங்க. அவங்க கையெழுத்துப் போட்டுருவாங்க. பொண்ணு பாஸ். எனக்கும் முதல் அணியில ஒருத்தியும் தோக்க வேண்டாம். உங்க நீட்டிப்புக் கடிதமும் சேத்தே போயிடும்."

"அந்த ஏழு குழந்தைகளைப் பத்தி எழுதினது?"

"அது இருந்துட்டுப் போகட்டும். பரிசோதனைதானே, நல்லதுதானே."

ஒரு வரி. துளசிமணிக்கு வேலை. இதற்கா இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று இருந்தது. வரும் வழியில் பால் வாங்கி வந்து சேமியா பாயசம் வைத்தேன். பழனிராஜிடம் புது குக்கர் பார்த்துவைக்கச் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

துளசிமணி மாட்டேன் என்கிறாள்.

கல்லூரிக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் நிறத்தைக் கேக்கலீங்களே அக்கா."

"கேட்டதா வெச்சுக்கலாம். ஒரு வரி."

"நான் கேக்காததைக் கேட்டேன்னு எழுதினீங்கன்னா, பிள்ளைக பேசாததும் நெசமாயிரும். ஏழு பேரைத் திக்குவாயின்னும் ஊமைன்னும் எழுதி வெச்ச எடத்துக்கு நான் டீச்சரா போயி உக்காரோணுமா?"

"வேலை போயிரும், புள்ள. கீழூர்க்காரி வந்துருவா."

"தெரியுமுங்க்கா." அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நான் கேட்டது செருப்பை. செருப்புன்னே எழுதுங்க. அதுக்கு எத்தனை வருதோ போடுங்க. ஒண்ணும் வரலீன்னா வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள்மேல்தான் என்று வீடுவரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதினேன். தாளில் அந்தப் பகுதிக்கு மூன்று அங்குல இடம். நான் பதினோரு பக்கம் எழுதி இணைத்தேன். கேள்வி: 'செருப்பு எங்கே போனது?' பதில்கள்: யார், எந்தச் சொல்லில், யாரை மறுத்து, எதைக் காட்டி. சின்னி சொன்ன மூன்று நிறங்கள். மாரனின் ஆட்டு வாதம். மழை முதலா குழாய்க்காரர் முதலா என்ற வழக்கு. குடத்தில் செய்த சோதனை. எங்கள் பேச்சிலேயே எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதினேன். தலைப்பில் 'குழந்தைகளிடம் கேள்வி கேட்டல்' என்பதை அடித்துவிட்டு, 'குழந்தைகளோடு சேர்ந்து தேடுதல்' என்று எழுதினேன். இருபதுக்கு இருபது. கையெழுத்து.

பழனிராஜ் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அபாயப் பலகையைத் தூரத்திலிருந்தே படிக்கிற கண்.

"இது உன்ற வேலைக்கு வேட்டு வெக்கிற பேப்பராச்சே, அம்மணி."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"ரெண்டு வருசம் ஒண்ணாங்கிளாசுல வாயத் தொறக்காம உக்காந்தவ, இன்னிக்குப் பதினோரு பக்கம் எழுதறா. இனி எழுது. யாரு தடுக்கப் போறா?"

அதையெல்லாம் அவரிடம் என்றைக்கோ சொன்னது என் தப்பு. முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தை எழுதினேன்.

மார்ச் 10, திங்கள்

முதல்வர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"இதை அனுப்ப முடியாது, ரங்கநாயகி. வசுந்தரா மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க. ரெண்டு கையெழுத்தும் இல்லாம இது செல்லாது. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். உங்களுக்கும் தெரியும். அப்புறம் எதுக்குங்க மேடம் கேக்கறீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. குட்டக் குட்டக் குனிந்தது போதும். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தம்வரை நிற்காமல் நடந்தேன்.

மார்ச் 12, புதன்

நானும் துளசிமணியும் கோயம்புத்தூருக்குப் பேருந்தில் போனோம். வசுந்தரா மேடம் வீட்டு வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், ஒரு நாய். நாயைப் பார்த்துத் துளசிமணி என் பின்னால் ஒளிந்தாள். மேடத்துக்குப் பயப்படாதவள்.

மேடம் உட்காரச் சொன்னார். தாளை வாங்கினார். அடித்து எழுதிய தலைப்பைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தலைப்பை மாத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலைங்க. எடுத்துக்கிட்டேன்."

"இருபதுக்கு இருபது. எந்த அளவுகோல்ல?"

"நீங்க ஊமைன்னு எழுதின பிள்ளைக பேசின பேச்சு பதினோரு பக்கம் இருக்கு. அந்த அளவுகோல்லதான்." குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டேன். "ஏழு வாயை ஒரு வரியில மூடிட்டீங்க. அந்தக் குறிப்பு பின்னாடியே வரும், ஒண்ணாங்கிளாஸ் வரைக்கும், அதுக்கு மேலயும். எனக்குத் தெரியும். என்னையும் அப்படி எழுதினாங்க."

சொல்லிவிட்டேன். துளசிமணி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கே இது தெரியாது.

மேடம் முதல் பக்கத்தைத் திருப்பினார். படிக்க ஆரம்பித்தார். மெதுவாகப் படித்தார். காபி வந்து ஆறியது. நாலாவது பக்கத்தில் உதடு லேசாகச் சுழித்தது. சிரிப்பா, எரிச்சலா தெரியவில்லை. ஆட்டு வாதத்தை இரண்டு தடவை படித்தார். குடத்துச் சோதனையை எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். அங்கே அவர் பார்க்காத ஒன்று இருந்தது. அந்த நேரம் அவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கம் முடிந்தது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். காலி. நிமிர்ந்தார்.

"அந்தச் செருப்பு கடைசில கிடைச்சுதா?"

கேள்வி துளசிமணிக்கு வந்தது.

"இல்லீங்க மேடம். கீழ பாலம் வரைக்கும் தேடியாச்சு. அங்க ரெண்டா பிரியுது வாய்க்காலு. எந்தப் பக்கம் போயிருக்கும்னு தெரியலீங்க. நாளைக்குத் தேங்கா மட்டையை விட்டுப் பாக்கலாம்னு மாரன் சொல்றான்."

"மட்டை கனமாச்சே. செருப்பு மாதிரி போகுமா?"

"அதையேதானுங்க சின்னியும் கேட்டா!"

இருவரும் மட்டை, பாக்கு மட்டை, இன்னொரு செருப்பு என்று பேசிக்கொண்டே போனார்கள். மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாங்கள் எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தது போல நிறுத்தினார். பேனாவை எடுத்தார். தன் பழைய குறிப்பில் ஏழு குழந்தைகளைப் பற்றிய வரியை அடித்தார். ஒருமுறை அடித்தது போதாது என்று மறுபடி அடித்தார்.

"பதினாறு போடறேன். பாடத்திட்டம் மாறினதை முன்கூட்டி எழுதித் தரல. அதுக்கு நாலு குறைச்சிருக்கேன்."

"அது எப்படிங்க மேடம்..." என்று நான் ஆரம்பிக்க, துளசிமணி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அந்த நாலுக்காக நான் இன்னும் சண்டை போட்டிருப்பேன். இப்போதும் போடத் தயார்.

மார்ச் 21, வெள்ளி

துளசிமணி தேர்ச்சி. எல்லோரும் தேர்ச்சி. அங்கன்வாடி நேர்காணலுக்கு அவள் சான்றிதழைத் தந்துவிட்டாள், பட்டயம் உள்ளவள் அந்தப் பதியில் அவள் ஒருத்திதான். அவள் அப்பா மலைவாழைத் தாரோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். முதல்வருக்கும் ஒரு சீப்பு கொடுத்தார். முதல்வர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

புதன்கிழமையே கடிதம் வந்துவிட்டது. இங்கேகூட எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. 'நிர்வாகக் காரணங்கள்.' படிப்பு அடுத்த ஜூனில் தொடரும், வேறு ஒருவர் நடத்துவார், பழைய தாளை வைத்து.

தெரிந்துதான் செய்தேன். இருந்தாலும் வலிக்கிறது. சும்மா வலிக்கவில்லை, அடித்த மாதிரி வலிக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

இன்று கடைசி வகுப்பு. பிள்ளைகள் பூ, கேக், செல்ஃபி என்று வந்திருந்தார்கள். வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் போனேன். முன்வரிசையில் துளசிமணி புதுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வருடம் முழுக்க நான் இந்த அறையில் எத்தனை கேட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் விடை என் கையிலேயே இருந்தது.

கடிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"எனக்கு வேலை போயிருச்சு," என்றேன். "பழைய தாளு அப்படியே இருக்கு. அடுத்த ஜூன்ல உங்க தங்கச்சிக வருவாங்க. மறுபடியும் தக்காளியத் தூக்கச் சொல்வாங்க. இதை எப்படித் தடுக்கறது? எனக்குத் தெரியல."

கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தார்கள்.

பிறகு அத்தனை பேரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி வசுந்தரா மேடத்தைக் கூட்டி வரலாம் என்றாள். இன்னொருத்தி, வேண்டாம், எல்லாப் பதியிலிருந்தும் அம்மாக்கள் வந்து முதல்வர் அறையில் உட்காரட்டும் என்றாள். அது எடுபடாது, ஆட்சியரிடம் போகலாம் என்றாள் மற்றொருத்தி. அம்மாக்கள் வந்தால் குழந்தைகளும் வரும், குழந்தைகள் வந்தால் முதல்வரே கேள்வி கேட்கட்டும் என்றாள் துளசிமணி. மணி அடித்தது. யாரும் எழவில்லை. கேக் வெட்டவில்லை. நான் மேசைமேல் ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.